நியாயமான அவகாசம்

போன மாதம் எங்கள் ஆதம்பாக்கம் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். "கருத்துக்கணிப்பு சார், கொஞ்சம் கேள்விதான்" என்றாள். ஓய்வு பெற்றவனிடம் ஒருவர் தேடி வந்து கருத்துக் கேட்பது சாதாரண விஷயமா? என் மனைவியும் தினமும் கேள்விகள் கேட்கிறாள்தான். ஆனால் அவை குற்றப்பத்திரிகை வகையைச் சேர்ந்தவை. ஆகவே நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, மின்விசிறியை அந்தப் பெண் பக்கம் திருப்பிவிட்டு, எதிரே உட்கார்ந்தேன்.

"சட்டசபை, அரசாங்கம், நீதிமன்றம். இந்த மூணையும் நீங்க எவ்வளவு நம்புறீங்க? ரொம்ப, ஓரளவு, கொஞ்சம்கூட இல்ல. எதை டிக் பண்ணட்டும்?"

"நீதிமன்றத்தை நான் எப்படிம்மா நம்புறது? அங்கதான நான் வேலை பாத்தேன்."

"அப்ப ஓரளவுன்னு போட்டுக்கவா சார்?"

"ஜட்ஜுங்களுக்கு ரொம்பன்னு போடு. எனக்கு மூணாவதைப் போடு."

அப்படிப் பிரித்துப் போட அவள் கம்ப்யூட்டரில் இடமில்லை. மோரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தேன். அரைத் தூக்கத்தில், எப்போதும் வரும் அந்த மயிலாப்பூர்ச் சந்து வந்தது. வெயில், வெள்ளை வெள்ளையாகக் காற்றில் மிதக்கும் பஞ்சு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும் மனிதர்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தச் சந்துதான். டிக் பண்ண முடியாத பதில் என்பதால் எழுதிவிடுகிறேன்.

நான் கோர்ட்டு அமீனாவாக இருந்தவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், "அமீனான்னா லேடீஸ் பேராச்சே அங்கிள்" என்கிறார்கள். ஆகையால் விளக்கிவிடுகிறேன். தீர்ப்புச் சொல்வதோடு நீதிபதியின் வேலை முடிந்துவிடும். 'வீட்டைக் காலி செய்து கொடு' என்று அவர் நிழலில் உட்கார்ந்து சொன்னதை, வெயிலில் போய் நிறைவேற்றுகிறவன் அமீனா. வாரண்டை வாசித்துக் காட்டி, சாமான்களை வெளியே எடுத்து வைத்து, கதவைப் பூட்டி, சாவியை வழக்கில் ஜெயித்தவர் கையில் கொடுக்க வேண்டும். சாவி கை மாறினால் வீடு கை மாறியதாக அர்த்தம். நீதிபதியின் முகத்தை மக்கள் எப்போதோ ஒருமுறை தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். வாசலுக்கு வந்து நிற்கும் நீதியின் முகம் என் முகம்தான். காலையில் சவரம் செய்யும்போது அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பேன். நாட்டு மக்கள் மேல் எனக்கே பரிதாபமாக இருக்கும்.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் காற்றைக் குடித்து வளர்ந்தவன் நான். எந்த வாசலிலும் முகம் சுளிக்காமல் நிற்கும் தகுதி பிறவியிலேயே வந்துவிட்டது. ஆரம்பத்தில் சைக்கிளில் சம்மன் கொண்டுபோகும் வேலை. அடையாறில் ஒரு பங்களாவில், "ஐயா ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்று ஜன்னலில் நின்று அந்த ஐயாவே சொன்னார். "சரிங்க, வந்தா சொல்லிடுங்க" என்று அவரையே கும்பிட்டுவிட்டு, சம்மனைக் கதவில் ஒட்டினேன். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அவருடைய நாய் பசையை ருசி பார்க்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு முறை சைதாப்பேட்டையில் ஒரு ஏல அறிவிப்பு. தெருவில் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. அடிக்கிற ஆள் வரவில்லை, நானே அடித்தேன். பெரிய கூட்டம் கூடிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிவிப்பை முழங்கி முடித்ததும் முன்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "அவ்ளோதானா? பாம்பு எங்க நைனா?" என்று கேட்டார். என்னுடைய பயிற்சிக் காலம் முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான் போயிற்று.

தொண்ணூறுகள் தொடங்கியபோது அமீனாவானேன். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு ஓய்வே இருக்காது. எங்களுக்கு வாரண்டுகளைப் பிரித்துக் கொடுத்து, நாங்கள் எழுதிவரும் அறிக்கைகளைச் சரிபார்க்கும் மேலதிகாரிக்கு நாசர் என்று பெயர். எங்கள் நாசர் இருதயராஜ் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் குரல் தாலாட்டு மாதிரி இருக்கும். மத்தியான வேளையில், மேலே புறாக்கள் முனகிக்கொண்டிருக்க, என் அறிக்கையை எனக்கே வாசித்துக் காட்டுவார். எனக்குக் கண் சொருகும்.

"எதிர்வாதி மிகுந்த கோபத்துடன் கதவைச் சாத்தினார். இதை எழுதினது யாரு தணிகாசலம்?"

"நான்தான் ஐயா."

"கதவச் சாத்தினதப் பாத்தே. கோபத்தப் பாத்தியா?"

"பாத்தேன் ஐயா."

"எந்தப் பக்கம் இருந்துச்சு?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் அழகாக அடித்துவிடுவார். "நீ கோர்ட்டோட கை. கைக்கு எதுக்குப்பா வாய்?" என்பார். எனக்கோ வாயைத் தவிர வேறு எந்த உறுப்பும் சரியாக வேலை செய்ததில்லை.

ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று அவர் சொன்னதை இன்றைக்கும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. கதவைத் தட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். திறக்கிறவர் நம்மை முழு ஆளாகப் பார்க்க வேண்டும். முகத்துக்கு நேராகக் காகிதத்தை நீட்டக் கூடாது. வாரண்டை, நோயாளிக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவதைப் போல நிதானமாகப் படிக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாம், காப்பி கொடுத்தால் கூடாது. "தண்ணி யாருக்கும் குடுப்பாங்க, காப்பி வேண்டியவங்களுக்குத்தான் குடுப்பாங்க" என்பார். இந்த விதியால் நான் இழந்த மயிலாப்பூர் டிகிரி காப்பிகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அவர் சொன்னதில் இன்னொன்று இந்தக் கதைக்கு முக்கியம். பொது இடத்துக்கு வரும் வழக்கமில்லாத பெண்கள், அதாவது கோஷாப் பெண்கள், வீட்டுக்குள் இருந்தால் அமீனா சட்டென்று நுழைந்துவிட முடியாது. உரக்க அறிவிப்புச் செய்து, அவர்கள் விலகிப் போக நியாயமான அவகாசமும் வசதியும் கொடுத்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்கலாம். இது சட்டத்திலேயே இருக்கிறது. வழக்கமாக நான் அறிவித்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் அவர்கள் புழக்கடை வழியாக அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். நியாயமான அவகாசம் என்றால் எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

லஸ் பக்கத்தில் ஒரு சந்து. அதில் காதர் பாய் மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். வீட்டின் முன்பகுதியில் இலவம் பஞ்சும் தலையணை உறைகளும், பின்பகுதியில் குடித்தனம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேதான். வீட்டுச் சொந்தக்காரர் வைத்தியநாதன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தன் சொந்த வீட்டில் தானே குடியிருக்க வேண்டும் என்று வழக்குப் போட்டு, நெடுங்காலம் நடந்து, ஜெயித்துவிட்டார். இருவரில் யாரைக் கெட்டவராக்கினாலும் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். இருவருமே ஒத்துழைக்கவில்லை.

ஒரு சித்திரை மாதக் காலையில் வாரண்டோடு போய்ச் சேர்ந்தேன். வைத்தியநாதன் ஒரு மஞ்சள் பையில் புதுப் பூட்டோடும், இரண்டு கூலியாட்களோடும் முன்பே வந்து நின்றிருந்தார். பந்தோபஸ்துக்கு ஏட்டு கோவிந்தசாமி வந்திருந்தார். கதவைத் தட்டினேன், தள்ளி நின்றேன், வாரண்டைப் படித்தேன். காதர் பாய் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஐயா, பெரிய கோர்ட்ல இன்னிக்குக் காலைல ஸ்டே குடுத்துட்டாங்களாம். வக்கீலு இப்பத்தான் மருந்துக் கடைக்கு போன் பண்ணிச் சொன்னாரு. காகிதத்த வாங்கிக்கினு குமாஸ்தா வந்துக்கினே கீறாராம்."

இந்த வசனத்தை அநேகமாக எல்லா வாசலிலும் கேட்டிருக்கிறேன். பல இடங்களில் அந்தக் குமாஸ்தா பிறக்கவே இல்லை. காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் நிறுத்தவும் முடியாது. ஆனால் பாயின் கையைப் பார்த்தேன். மெத்தை தைக்கிற நீளமான ஊசியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி தைத்த நூல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. காகிதம் வந்தால் வீடு அவருக்கு, வருவதற்கு முன்னால் நான் சாவியைக் கொடுத்துவிட்டால் வைத்தியநாதனுக்கு. இடையில் நான் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறேன் என்பது மட்டுமே இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக என் சோம்பலுக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது.

"உள்ள கோஷாப் பொம்பளைங்க யாராவது இருக்காங்களா பாய்?"

"வீட்டுல மட்டும் இருக்கா ஐயா." வீட்டில் என்றால் மனைவி என்று அர்த்தம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன். நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற வந்திருக்கிறோம், உள்ளே இருக்கும் பெண்மணி விலகிக்கொள்ள நியாயமான அவகாசமும் வசதியும் தருகிறோம் என்று. திரைக்குப் பின்னாலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"வெலகுறதுன்னா எங்க வெலகணும்? இந்த வூட்டுக்கு வாசல் ஒண்ணுதானே?"

நான் ஏட்டைப் பார்த்தேன். ஏட்டு என்னைப் பார்த்தார். புழக்கடையில் கதவு இல்லாத வீடு. வாசலிலோ அரை மயிலாப்பூர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவகாசம் கொடுத்தாகிவிட்டது, வசதிக்கு எங்கே போவது?

"இன்னாபா அமீனா, மத்தியானம் மந்திரி பந்தோபஸ்து வேற கீது" என்று ஏட்டு கடுகடுத்தார். பிறகு லத்தியால் தரையைத் தட்டி, "எல்லாரும் செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்கப்பா! வெளிய ஒரு அம்மா வராங்க!" என்று கத்தினார். சந்து முழுவதும் திரும்பியது. காய்கறி வண்டிக்காரர் வண்டியோடு திரும்பினார். வைத்தியநாதன் மூக்கு சுவரில் படுகிற மாதிரி நின்றார். நான் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் தெரிந்த ஒரு ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயில் மணி எங்கோ அடித்து ஓய்ந்தது. யாரும் வரவில்லை.

"வந்தாச்சாம்மா?" என்று ஏட்டு சுவரைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றது திரை.

கழுத்து வலி எடுத்ததும் ஒவ்வொருவராகத் திரும்பினோம். இதுதான் நியாயமான அவகாசத்தின் தொடக்கம் என்று நான் அறிவித்தேன். காதர் பாய் என்ன நினைத்தாரோ, தைத்து முடித்த இரட்டை மெத்தை ஒன்றைத் தூக்கி வந்து எதிர்வீட்டு மதில் நிழலில் போட்டார். "எவ்ளோ நேரம் நின்னுக்கினே இருப்பீங்க, உக்காருங்க" என்றார். தண்ணீர் குடிக்கலாம், காப்பி கூடாது என்று நாசர் சொல்லியிருந்தார். மெத்தையைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். ஏட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது மொபெட்டில் மணி வந்து இறங்கினான். தொகுதி எம்.எல்.ஏ.வுக்காக இந்தப் பக்கத்து நல்லது கெட்டதைக் கவனிக்கும் ஆள். வெள்ளைச் சட்டைப் பையில் தலைவர் படம் தெரிந்தது. "பாய், ஒண்ணும் கவலைப்படாத. தலைவர் காதுக்கு விஷயம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, வெயிலைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், எங்களை நகரச் சொல்லிவிட்டு அவனும் உட்கார்ந்தான். ஆக, நீதிமன்றம், அரசாங்கம், சட்டசபை மூன்றும் சித்திரை வெயிலில் ஒரே மெத்தையில். இலவம் பஞ்சு எங்கள் மூவரையும் ஒரே ஆழத்துக்கு உள்வாங்கிக்கொண்டது. முதலில் குறட்டை விட்டது அரசாங்கம்.

நானும் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் அந்த மெத்தை மெதுவாக எழும்பியது. தென்னை மரங்கள் கீழே போயின. கோபுரம் பக்கத்தில் வந்து, ஒரு பொம்மை என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. குளம் ஒரு பச்சைத் தட்டு மாதிரி சுழன்றது. கடல் காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போக, பெரிய கோர்ட்டின் சிவப்புக் கும்மட்டங்களுக்கு மேலே மிதந்தோம். ஏட்டு லத்தியால் துடுப்புப் போட்டார். ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு காகிதத்தைக் கொடுக்க வந்தது. நான் எட்டிப் பிடிக்கப் போகும் நேரத்தில், நாசர் இருதயராஜ் வேறொரு மெத்தையில் பக்கத்தில் மிதந்து வந்து, தாலாட்டுக் குரலில், "தணிகாசலம், பறக்கறதுக்கு யார்கிட்ட உத்தரவு வாங்கினே?" என்று கேட்டார். மெத்தை சர்ரென்று இறங்கியது.

கண் விழித்தபோது வைத்தியநாதன் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நிழல் எங்களைவிட்டு நகர்ந்து போயிருந்தது.

"ஏங்காணும், இதுக்குப் பேர் அவகாசமா? நானே என் ஆத்துக்கு வெளியில, நங்கநல்லூர்ல வாடகைக்குக் குடியிருக்கேன். ஒரு வாய்தா தவறாம கோர்ட்டுக்கு நடந்துண்டிருந்தேன். ஒருத்தரையும் மிரட்டலை, ஒருத்தர் கால்லயும் விழலை. கோர்ட்டைத்தான் நம்பினேன். அது ஜெயிச்சுட்டேன்னு சொல்லிடுத்து. நீர் என்னடான்னா மெத்தையில தூங்கறீர். நான் ஜெயிச்சதுக்கு என்ன அர்த்தம், நீரே சொல்லும்."

எனக்கு முன்னால் மணி வாயைத் திறந்தான்.

"ஐயரே, சும்மா கத்தாதீங்க. பாய், நீ 'ம்'னு ஒரு வார்த்தை சொல்லு. நம்ம பசங்க நாப்பது பேரு வந்து வாசல்ல உக்காந்துடுவாங்க. அமீனா எப்படி உள்ள போறாருன்னு பாத்துடலாம்."

"அப்படி எதுனா நடந்தா நான் டீ குடிக்கப் போயிருப்பேன்பா. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஏட்டு, கண்ணைத் திறக்காமலே.

"உள்ள அந்தம்மா இருக்கிற வரைக்கும் நானும் நுழைய முடியாது ஐயா, சட்டம் அப்படி" என்றேன் நான், என் பங்குக்கு.

மூன்று பேரும் அவரவர் வழியில் காதர் பாய்க்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டோம். பாய் மணியைப் பார்த்தார். ஊசியை உறையில் குத்தி வைத்தார். 'ம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

திரை விலகியது. கறுப்புப் புர்காவில் அந்தம்மா படியிறங்கி சந்துக்கு வந்து நின்றார். வெளியே போவதென்றால் ஆட்டோ வாசலை ஒட்டி வந்து நிற்க வேண்டும் என்ற வழக்கமுள்ளவர். யாரும் சொல்லாமலே ஏட்டு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அமீனா ஐயா, நான் வெளிய வந்துட்டேன். இன்னும் எதுக்கு உக்காந்துக்கினு கீறீங்க?"

"உனக்குப் பைத்தியமா?" என்று பாய் பதறினார். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இரு. காகிதம் வந்துடும்."

"வந்தா வரட்டும். பெரிய கோர்ட்டு குடுத்த காகிதம் வந்தா இந்த ஐயா அதைக் கேக்கணும்னுதானே நெனக்கிறோம்? அவரு கையில கீறதும் கோர்ட்டு குடுத்த காகிதந்தான். அதை நாம கேக்கலைன்னா, நம்மளுத அவரு எதுக்குக் கேக்கணும்?" பிறகு மணியின் பக்கம் திரும்பி, "தம்பி, வெயில்ல வந்தீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க. பசங்க வேணாம்" என்றார்.

கேலி செய்ய எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டினேன். அவகாசம் முடிந்துவிட்டது.

வேலையைத் தொடங்கினோம். கூலியாட்கள் ஒவ்வொன்றாக வெளியே கொண்டு வந்தார்கள். பாத்திரங்கள், இரும்புப் பெட்டி, தையல் மிஷின், நிலைக்கண்ணாடி. கண்ணாடியைத் தூக்கும்போது அதில் வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. "மூலையில புடிப்பா, நடுவுல புடிச்சா ஒடஞ்சுடும்" என்று அந்தம்மா நின்ற இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். காதர் பாய் எதையும் தொடவில்லை. சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகப் பஞ்சு மூட்டைகள். அதில் ஒன்று நிலையில் உரசிக் கிழிந்தது.

இலவம் பஞ்சு கீழே விழாது. அது எழும்பும். சந்து முழுக்க வெள்ளையாகி, வெயிலைக் கட்டிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் மிதந்தது. வைத்தியநாதனின் புருவத்தில், ஏட்டின் மீசையில், அந்தம்மாவின் கறுப்புத் துணியில், எல்லாவற்றிலும் பஞ்சு. எல்லோரும் கொஞ்சம் மூத்துப்போனவர்களைப் போலத் தெரிந்தார்கள். யாரும் பேசவில்லை. பேசினால் வாய்க்குள் போய்விடும்.

உள்ளே போய்ப் பார்த்தேன். காலி. சுவரில் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வைத்தியநாதன் மஞ்சள் பையிலிருந்து புதுப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். நாதாங்கியில் மாட்டிப் பூட்டி, சாவியை உருவினேன். அவர் கையை நீட்டினார். விரல்கள் விரிந்திருந்தன. நான் சாவியை அந்தக் கையை நோக்கிக் கொண்டுபோனேன்.

சைக்கிள் மணி கேட்டது. பஞ்சுக்குள்ளிருந்து ஒரு உருவம், "இருங்க, இருங்க!" என்று கத்தி, வாயில் பஞ்சு போய் இருமி, மெத்தையில் மோதி, அதன் மேலேயே விழுந்தது. வக்கீல் குமாஸ்தா. பிறந்துதான் இருந்தார். விழுந்த இடத்திலிருந்தே காகிதத்தை உயர்த்திக் காட்டினார்.

வலது கையில் சாவி, இடது கையில் காகிதம். படித்தேன். வழக்கு எண் சரி, இருவர் பெயரும் சரி, இன்றைய தேதி, முத்திரை. மறு உத்தரவு வரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தது. வைத்தியநாதனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சாவிக்கும் அதற்கும் நடுவே பஞ்சு புகுந்து போகிற அளவுக்குத்தான் இடம். அவர் எட்டிப் பிடுங்கியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். என் பலம் எனக்குத் தெரியும்.

"முத்திரை சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க ஐயா. நீங்களே பாருங்க."

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடி நீர் குடுத்திருந்தா?"

"வீடு உங்களுது ஐயா."

அவர் அந்தம்மாவைப் பார்த்தார். நீட்டியிருந்த கை மெதுவாக மூடிக்கொண்டது.

"சரி. கோர்ட் சொல்லிடுத்து. நாளைக்கே வக்கீலைப் பாத்து இந்தத் தடையை உடைக்கறேனா இல்லையா பாரும்."

"உடைங்க ஐயா. நாங்களும் வக்கீல் வெச்சுக்கினு வரோம்" என்றார் காதர் பாய்.

"அதெல்லாம் இருக்கட்டும். பூட்டு என்னுது. அதைக் கழட்டிக் குடுங்காணும்."

கழற்றிக் கொடுத்தேன். மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த வழக்கு கடைசியில் யார் பக்கம் முடிந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் என்னை வேறு கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஏனோ செய்யவில்லை. எனக்கு அந்தச் சந்தில் எப்போதும் அந்த மத்தியானம்தான்.

சாமான்கள் எல்லாம் உள்ளே போயின. கூலியாட்களோடு மணியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரும்புப் பெட்டியைத் தூக்கினான். ஏட்டு தலையணைகளை மட்டும் தூக்கினார், கனம் என்று சலித்துக்கொண்டே. நான் மணியின் மொபெட் சீட்டில் காகிதத்தை வைத்து அறிக்கை எழுதத் தொடங்கினேன். அந்தம்மா வாசற்படியில் ஒரு காலை வைத்து நின்றார்.

"இன்னா எழுதுறீங்க?"

"நடந்ததைத்தாம்மா. வீட்டில் இருந்த பெண்மணி தாமாகவே வெளியே வந்தார்னு."

"அத்தோட வுட்டுடாதீங்க. வெளிய போனவ போனவதான்னு நாளைக்கு யார்னா படிச்சுச் சொல்லிடுவாங்க. திரும்பி உள்ள போனேன்னும் எழுதணும்."

"போங்கம்மா, எழுதறேன்."

அந்தம்மா உள்ளே போனார். திரை அசைந்து நின்றது. நான் எழுதி, உள்ளே கேட்கும்படி உரக்க வாசித்தேன்: "மேற்படி பெண்மணி மறுபடியும் தம் வீட்டுக்குள் சென்றார்."

"தம் வீடுன்னு எழுதாதேயும்!" என்று சந்தின் பாதித் தூரத்திலிருந்து வைத்தியநாதன் திரும்பிக் கத்தினார். "வழக்குச் சொத்துன்னு எழுதும்!"

அடித்துவிட்டுத் திருத்தினேன். மறுபடியும் வாசித்தேன். "மேற்படி பெண்மணி மறுபடியும் வழக்குச் சொத்துக்குள் சென்றார்." வைத்தியநாதன் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். உள்ளே அந்தம்மா அந்த வார்த்தையை ஒத்துக்கொள்ள மாட்டாரோ என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

உள்ளேயிருந்து கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.